கல்லறை மேட்டில் ஒரு மாடம்: பீஷானில் 8 ஏக்கர் மிஞ்சிய கதை

சிங்கப்பூரில் பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஜங்ஷன் 8 கடைத்தொகுதிக்குள் போவார்கள், மீதிப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குள் போவார்கள். நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள், இறந்தோர் சாம்பலைச் சுவரில் சிறுசிறு மாடங்களாக அடுக்கி வைக்கும் ஓர் அஸ்தி மாடம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், புதிய நகரம் எழுந்தபின் யாரோ அதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். அஸ்தி மாடத்தைச் சேர்ந்தவர்கள்தான் இங்கே முதலில் இருந்தார்கள். நகரம் அவர்கள் மேல் வந்து உட்கார்ந்தது.

கட்டடப் பராமரிப்பு என் தொழில். எங்கே தண்ணீர் ஒழுகுகிறது, எந்தத் திருகாணி துருப்பிடித்திருக்கிறது என்று பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு மயானத்துக்குள் அஸ்தி மாடம் கட்டத் திட்டமிடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை மாடம் வரும்?" என்பதைத்தான். பீஷான் கதையைப் பார்த்தால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி என்று தெரியும். முதல் கேள்வி, நிலம் யார் கையில், எத்தனை ஆண்டுக்கு என்பது.

பெயரிலிருந்து தொடங்கலாம். குவாங் வாய் சியூ பெக் சான் தெங் என்பது 1870ல் தொடங்கிய சங்கம். தென்சீனத்தின் குவாங்சோவ், ஹுய்சோவ், சாவ்சிங் என்ற மூன்று வட்டாரங்களிலிருந்து வந்த கான்டனீஸ், ஹக்கா மக்கள் தங்கள் இறந்தோரைப் புதைக்க ஏற்படுத்திக்கொண்டது. முதல் மூன்று எழுத்துகள் அந்த மூன்று வட்டாரங்களைக் குறிப்பவை. பெக் சான் என்றால் பச்சை மலை. அதை மாண்டரினில் வாசித்தால் 'பீஷான்'. ஆக, நகரத்தின் பெயரே இடுகாட்டின் பெயர்தான். வீட்டு முகவரியில் தினமும் அதை எழுதுகிறவர்கள் இதை நினைப்பதில்லை. (பீஷான் நிலையத்தைப் பற்றி உலவும் பேய்க் கதைகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கடைசி ரயில், ஆளில்லாத பெட்டி, அந்த வகை. அதை விடுங்கள்.)

இடுகாடு வளர்ந்து 300 ஏக்கரைத் தாண்டியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். நடுவே ஒரு கம்பம், அதாவது சிற்றூர், அதில் சந்தை, காப்பிக்கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இறந்தோரும் இருப்போரும் ஒரே மேட்டில் பல ஆண்டு வாழ்ந்தார்கள்.

அப்புறம் 1970கள். தீவு சிறியது, வீடு வேண்டும், சாலை வேண்டும். நகரை ஒட்டிய இடுகாடுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக மூடியது. பிடாடரி 1972ல், புக்கிட் பிரவுன் 1973ல், அதே 1973ல் பெக் சான் தெங். மூடுவது என்றால் புதிதாகப் புதைக்கக் கூடாது என்று மட்டும் பொருள், பழைய கல்லறைகள் அப்படியே இருக்கும். ஆனால் 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. 1979ல் பெக் சான் தெங் நிலமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. பீஷான் புதுநகரம் வரப்போகிறது என்பது முடிவாகிவிட்டது.

இந்த நிகழ்வில் திட்டமிடல் என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான் நடந்தது. வரைபடம் போட்டது எல்லாம் பிறகுதான். சங்கத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எலும்புகளைத் தோண்டி எரித்து, அரசாங்கம் நடத்தும் அஸ்தி மாடங்களில் ஆளுக்கொரு மாடம் வாங்கிக்கொண்டு கலைந்துபோவது. மண்டாய் தகனச்சாலை 1982ல் திறந்தது, இடத்துக்குக் குறைவிருக்காது. சுலபமான வழி, செலவும் குறைவு. இன்னொன்று, இதே மண்ணில் ஒரு துண்டாவது கேட்டு வாங்கி, சங்கமே தன் அஸ்தி மாடத்தைக் கட்டிக்கொள்வது.

அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். கிடைத்தது 8 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை. இருந்த நிலத்தில் மூன்று விழுக்காடுகூடத் தேறாது. இதை வெற்றி என்று சொல்வதா, மிச்சம் என்று சொல்வதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். முதல் வழியில் போயிருந்தால் ஒரு லட்சம் பேர் பெயர்ப்பட்டியலில் தனித்தனியாகச் சிதறியிருப்பார்கள். பதினாறு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்புக்குக் கூடுவதற்கே காரணம் இல்லாமல் போயிருக்கும்.

தோண்டும் வேலை 1980களின் தொடக்கத்தில் நடந்தது. கான்டனீஸ் மக்களுக்கு எலும்பைத் தோண்டுவது புதிதல்ல, அவர்கள் மரபிலேயே அது உண்டு. புதைத்துச் சில ஆண்டு கழித்துக் குழியைத் திறந்து, எலும்புகளைச் சுத்தம் செய்து, கால் கீழே தலை மேலே என்று உட்கார்ந்த நிலையில் ஒரு மண்சாடிக்குள் அடுக்கி மறுபடி வைப்பார்கள். சாடிக்கு 'காம் தாப்' என்று பெயர், தங்கக் கோபுரம் என்று பொருள். நமக்கு இது கேட்டதும் ஆதிச்சநல்லூர்த் தாழி நினைவுக்கு வராமல் இருக்காது. குழியைத் திறக்கும்போது எலும்பின் மேல் வெயில் படக் கூடாது என்று குடை பிடிப்பார்கள். இடுகாட்டை அரசாங்கம் எடுக்கிறது என்ற அதிர்ச்சி ஒருபுறம் இருந்தாலும், எலும்பை எடுப்பது பாவம் என்ற எண்ணம் அவர்களுக்குத் தடையாக நிற்கவில்லை. திட்டமிடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. வேறு சமூகத்தில் இதே வேலை இத்தனை அமைதியாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அதே மரபு கட்டடத்துக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. எரித்த சாம்பல் என்றால் ஒரு பெரியவருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் கொள்ளளவு, இரண்டு மூன்று கிலோ எடை. ஓரடிச் சதுர மாடம் தாராளம், இரண்டு கலசம்கூட வைக்கலாம். எலும்புச் சாடி அப்படியில்லை. தொடை எலும்பு உள்ளே நிற்க வேண்டும், ஆகவே சாடியின் உயரம் அந்த எலும்பைவிடக் குறையக் கூடாது. இப்படிச் சாடியும் கலசமும் ஒரே கூரைக்குள் வந்தால் மாடத்தின் அளவு ஒன்றாக இருக்க முடியாது. அளவு மாறினால் வரிசை எண்ணிக்கை மாறும், சுவர் சுமக்கும் பாரம் மாறும், விலையும் மாறும். அஸ்தி மாடம் கட்ட நினைக்கும் எந்தக் குழுவும் கட்டுமான நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன் தங்கள் மக்கள் எதை வைக்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்து பேச வேண்டும் என்பது இதனால்தான்.

இப்போது அந்த எண்ணிக்கைக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட மாடங்களை ஏழு வரிசையாக அடுக்கினால் உயரம் ஏழடி. பத்து மீட்டர் நீளச் சுவரில் வரிசைக்கு 32 வரும், ஏழு வரிசைக்கு 224. சுவரின் இரு பக்கமும் வைத்தால் 450க்குக் கொஞ்சம் கீழ். ஒரு சிறிய கல்யாண மண்டப அளவு தரையில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துவிடலாம். தாளில் இந்தக் கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

தாளில் தெரியாதது ஆள் உயரம். ஏழாவது வரிசையின் மாடத்துக்கு ஏணி வேண்டும். முதல் வரிசைக்கு முழங்காலிட வேண்டும். பார்க்க வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்கள், தொண்ணூறு வயதில் போன தாய்க்குப் பூ வைக்க வருகிறவர்கள். எனவே கண் மட்டத்தில் இருக்கும் மூன்று வரிசைக்கு ஒரு மவுசு, மேலும் கீழும் வேறு கதி. தனியார் நடத்துகிற இடங்களில் இதை வைத்தே விலை வைப்பார்கள். சிங்கப்பூர் அரசாங்கம் நடத்துகிற மாடங்களில் ஒரு நேர்த்தியான ஏற்பாடு உண்டு. வந்த வரிசைப்படி அடுத்த மாடம் உங்களுக்கு, அது மேலேயோ கீழேயோ. நாங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தனிக் கட்டணம். மாடத்துக்கான கட்டணம் சாதாரணமானதற்கு 500 வெள்ளி, குடும்ப மாடத்துக்கு 900 வெள்ளி. பணக்காரர் கண் மட்டத்திலும் ஏழை கூரை ஓரத்திலும் என்ற பிரிவை இது முழுக்க ஒழிக்கவில்லை, ஆனால் பல ஆயிரம் வெள்ளி வித்தியாசமாக வளரவிடாமல் தடுத்திருக்கிறது.

எண்களிலும் கவனம் வேண்டும். சீனர்களுக்கு நான்கு ஆகாத எண், சாவு என்ற சொல்லின் ஓசை அதில் இருக்கிறது. ஏற்கெனவே இறந்தவருக்கு அதில் என்ன பயம் என்று நான் ஒரு சீன நண்பரிடம் கேட்டிருக்கிறேன். "செத்தவங்களுக்கு இல்லப்பா, பார்க்க வர்றவங்களுக்கு" என்றார். சரிதான்.

கட்டடத்தைப் பற்றி. பெக் சான் தெங் அஸ்தி மாடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் டே கெங் சூன், அவருடைய ஆக்கிடெக் தெங்காரா நிறுவனம். 1986ல் முடிந்தது. வெப்பமண்டலத்தில் கட்டுகிறவன் குளிர்நாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக் குளிரூட்டியை மாட்டக் கூடாது, நிழலையும் காற்றையும் வைத்துக் கட்ட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டவர் அவர். அஸ்தி மாடத்துக்கு அவரைப் போன்ற ஒருவரைப் பிடித்தது சங்கத்தின் நல்ல காலம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இந்த வகைக் கட்டடத்துக்குப் பகை மூன்று: ஈரம், புகை, ஒரே நாளில் வரும் கூட்டம். மூன்றுக்கும் மருந்து காற்றோட்டம்தான்.

ஈரத்தைச் சொல்கிறேன், என் தொழில் அது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காற்றில் எப்போதும் ஈரப்பதம். மாடத்தின் முகப்புக் கல்லைச் சிலிக்கோன் பசையால் இறுக மூடிவிட்டால் வெளித்தண்ணீர் போகாது என்று நம்புகிறோம். ஆனால் மூடிய அன்று உள்ளே இருந்த ஈரக் காற்று எங்கே போகும்? சுவர் இரவில் குளிரும்போது உள்ளே வியர்க்கும். மாடத்தின் தரை சமமாக இருந்தால் அந்த நீர் கலசத்தின் அடியில் நிற்கும். ஒரு நூல் அளவு முன்பக்கம் சாய்த்து வார்த்தால் போதும், வழிந்து வெளியேறும். வார்ப்பு நேரத்தில் செலவே இல்லாத வேலை. வார்த்த பிறகு செய்ய முடியாத வேலை.

திருகாணியும் அப்படித்தான். மலிவான இரும்புத் திருகாணியைப் போட்டால் மூன்றே வருடத்தில் வெள்ளைப் பளிங்கின் மேல் பழுப்புக் கோடு இறங்கும், இறந்தவர் படத்துக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி. பித்தளையோ நல்ல துருப்பிடிக்காத எஃகோ போட வேண்டும். கல்லில் பளிங்கா கருங்கல்லா என்று கேட்டால் நான் கருங்கல் என்பேன். பளிங்கு எண்ணெயையும் ஊதுவத்திப் புகையையும் குடித்துக்கொள்ளும், எலுமிச்சைச் சாறு பட்டால்கூடத் தழும்பு விழும். ஆனால் பளிங்கில் எழுத்து வெட்டுவது சுலபம், பார்வைக்கும் மென்மை, குடும்பங்கள் அதைத்தான் கேட்கும். ஒரே மாதிரிக் கல், ஒரே எழுத்தளவு, படம் ஒரே அளவில் பீங்கானில் என்று தொடக்கத்திலேயே விதி வைத்துவிட வேண்டும். பாதி மாடம் நிரம்பிய பிறகு விதி வைத்தால் சண்டைதான்.

புகையும் கூட்டமும் சேர்ந்து வரும் நாள், சீனர்கள் இறந்த முன்னோரை வணங்கும் சிங் மிங். ஏப்ரல் 4 அல்லது 5, அதற்கு முன்னும் பின்னும் வரும் வார இறுதிகள். ஆண்டு முழுக்க ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடக்கும் நடைபாதையில் அன்று தோளோடு தோள் இடிக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஊதுவத்தி கொளுத்தும், பழம் வைக்கும், காகிதப் பணமும் காகித வீடும் எரிக்கும். எரிப்பதற்குத் தனி உலைகள் கட்டடத்துக்கு வெளியே, காற்றடிக்கும் திசை பார்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை கரியும் மாடச் சுவரில்தான் வந்து படியும். பொது அஸ்தி மாடங்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் அந்த வாரங்களில் தனிப் பேருந்துகூட விடுகிறது, கூட்டம் இல்லாத நாளில் வாருங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறது. நடைபாதையின் அகலத்தைச் சாதாரண நாளை வைத்துத் தீர்மானித்த கட்டடங்கள் இந்த இரண்டு மூன்று வாரங்களில் மாட்டிக்கொள்ளும். நடுவில் இரண்டு மாட வரிசையைத் தியாகம் செய்து பாதையை அகலமாக்குவது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் பிடிக்காத யோசனை. ஆனாலும் செய்ய வேண்டியது அதுதான்.

இந்த நிகழ்வுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அந்த 8 ஏக்கரின் அருமை தெரியும். பிடாடரி இடுகாடு 1908லிருந்து இருந்தது. கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், இந்துக்கள் என்று தனித்தனிப் பகுதிகள். அதை ஒட்டி மவுண்ட் வெர்னனில் 1962ல் தகனச்சாலை வந்தது, பிறகு அஸ்தி மாடங்கள். பகோடா பாணியில் ஒரு பகுதி, தேவாலயப் பாணியில் ஒரு பகுதி என்று அக்கறையாகத்தான் கட்டினார்கள். என் பெரியம்மா பிடாடரியில் புதைக்கப்பட்டவர். 2001 தொடங்கி 2006 வரை அங்கே கல்லறைகளைத் தோண்டி எடுத்தபோது அவரையும் எடுத்து, எரித்து, சுவா சூ காங்கில் ஒரு மாடத்தில் வைத்தோம். "கல்லறைதானே போச்சு, மாடம் போகாது" என்றார் பெரியப்பா. அடுத்து என்ன நடந்தது? 2018ல் மவுண்ட் வெர்னன் அஸ்தி மாடமே பிடாடரி வீடமைப்புப் பேட்டைக்காக மூடப்பட்டது. மாடத்தில் இருந்தவர்களையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நல்லவேளை, நாங்கள் சுவா சூ காங் போயிருந்தோம்.

மவுண்ட் வெர்னனில் கட்டடம் குறைப்பட்டதால் மூடவில்லை. நிலம் அரசாங்கத்துடையது, தேவை மாறியது, அவ்வளவுதான். பீஷானில் குத்தகைப் பத்திரம் ஒன்று இருந்தது. அதனால் ஓர் ஆலோசனை: மாடத்தை விற்கும்போதோ ஒதுக்கும்போதோ 'நிரந்தரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தவே வேண்டாம். ஆண்டு எண்ணை எழுதுங்கள். எடுக்க நேர்ந்தால் யாருக்குத் தகவல், வராவிட்டால் சாம்பலுக்கு என்ன கதி என்பதையும் முதல் நாள் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். இங்கே கேட்பாரற்ற சாம்பலைக் குறித்த காலம் வைத்திருந்து கடலில் கரைக்கிறார்கள். சங்கப் பேரேடு இருந்தால் கேட்பாரற்றவர் எண்ணிக்கை குறையும். பெக் சான் தெங்கில் பதினாறு சங்கங்களும் தங்கள் ஆட்களைத் தெரிந்து வைத்திருந்தது எந்தக் கணினிக்கும் ஈடாகாது.

அக்கம்பக்கத்தார் விஷயத்தில் ஒரு சுவையான ஒப்பீடு உண்டு. செங்காங்கில் ஃபெர்ன்வேல் லீ அடுக்குமாடிகளை முன்பதிவு செய்தவர்களுக்கு 2014 கடைசியில் ஒரு செய்தி காதுக்கு எட்டியது. பக்கத்துச் சீனக் கோயில் மனையை ஏலம் எடுத்தது லாப நோக்குள்ள ஒரு நிறுவனம், அங்கே வணிக அஸ்தி மாடம் வரப்போகிறது என்பது. பெரிய கொந்தளிப்பு. 2015 ஜனவரியில் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் கோ பூன் வான் நாடாளுமன்றத்தில் வணிக அஸ்தி மாடம் அங்கே வராது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பீஷானில் அப்படி எதிர்ப்பு எழாததற்குக் காரணம் பீஷான் மக்கள் ரொம்பத் தைரியசாலிகள் என்பதில்லை. முதல் குடும்பம் சாவி வாங்கும்போதே அஸ்தி மாடத்துக்கு அங்கே இடம் உண்டு என்பது தெரிந்த விஷயம். ஃபெர்ன்வேல்காரர்கள் எதிர்த்ததில் சாவுப் பயம் பாதி என்றால், நம்மிடம் சொல்லாமல் செய்துவிட்டார்களே என்ற கோபமும் வீட்டு விலை பற்றிய கவலையும் மீதிப் பாதி. மயானத்துக்குள்ளேயே அஸ்தி மாடம் கட்டுவதன் பெரிய அனுகூலம் இதுதான்: புதிதாக யாரிடமும் சாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பெக் சான் தெங்கில் இன்று அந்த மூன்று ஊராருக்கு மட்டும் என்ற கட்டு இல்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய கல்லறைகளிலிருந்து வந்தவர்களுக்கு வைத்த இடம் ஒருமுறை நிரம்பியதும் வருமானம் நின்றுவிடும், பராமரிப்புச் செலவு நிற்காது. கூரை ஒழுகத்தான் செய்யும், மின்தூக்கி பழுதாகத்தான் செய்யும். மாடக் கட்டணத்தில் ஒரு பங்கை முதல் வருடத்திலிருந்தே தனி நிதியில் போடாத சங்கங்கள் முப்பதாவது வருடத்தில் உண்டியல் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சிங்கப்பூரில் தமிழ் இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகின்றன, மாடம் தேவைப்படுவதில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தேவைப்படுகிறது. சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தாலும் 15 ஆண்டுதான், அப்புறம் தோண்டி எரித்து மாடத்துக்குள் வர வேண்டியதுதான். 2021ல் அதே வளாகத்தில் சாம்பலைத் தரையில் தூவ ஒரு தோட்டம் திறந்தார்கள். கட்டணம் 320 வெள்ளி, பெயர்ப்பலகை இல்லை.

கொலம்பேரியம் என்ற லத்தீன் சொல்லுக்குப் புறாக்கூண்டு என்று பொருள். சுவரில் வரிசையாகப் பொந்துகள் இருப்பதைப் பார்த்து ரோமானியர்கள் வைத்த பெயர். நமக்கு மாடப்புறா என்ற சொல் கேட்காமலே கிடைத்திருக்கிறது. சுவா சூ காங்கில் பெரியம்மாவின் மாடம் மேலிருந்து இரண்டாவது வரிசை. பெரியப்பாவுக்குக் கடைசிவரை ஏணி ஏற முடியவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு வருவார்.